கயிறு கட்டி நிறுத்திய கிரேன்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது, ஒரு காலிக் கிடங்கின் நட்டநடுவே தரையில் மல்லாந்து கிடந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அலுவலகத்தில் கொடுத்த விசிட்டிங் கார்டை, பெயருக்குப் பின்னால் அச்சான பட்டம் வெளியே தெரியும்படி சட்டைப் பையில் செருகியிருந்தேன். தொழிற்கூடங்களுக்குக் கிரேன் செய்து மாட்டித் தரும் கம்பெனி எங்களுடையது. “கிடங்குல ஒரு மேடம் அளவெடுத்துக்கிட்டு இருப்பாங்க, போய்ச் சேந்துக்கோ” என்று அனுப்பியிருந்தார்கள். போனால், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் கண்ணைத் திறந்தபடியே அசையாமல் கிடக்கிறார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

“தண்ணியெல்லாம் வேண்டாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றார், கூரையிலிருந்து பார்வையை எடுக்காமலே.

“மயக்கமோன்னு நெனச்சுட்டேன் மேடம்.”

“மயக்கம் போடறவங்க அட்டை விரிச்சா போடுவாங்க?”

அப்போதுதான் கவனித்தேன். அவருக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தார். இருபது வயதிலிருந்து கூரைகளை அண்ணாந்து பார்த்தே கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டதாம். இனிமேல் அண்ணாந்து பார்க்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய வேலையோ அண்ணாந்து பார்ப்பது. அதனால் படுத்துவிடுகிறார். படுத்தால் கழுத்து நேர், கூரை எதிரே. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அட்டை அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கினேன். அவர் என் சட்டைப் பையை ஒருமுறை பார்த்துவிட்டு, அன்றிலிருந்து என்னைப் “பட்டதாரி” என்றார். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிரேன் என்றால் ரோட்டில் நிற்கும் நீளக் கழுத்து வண்டி பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் செய்வது கட்டடத்துக்குள் தலைக்கு மேலே ஓடுவது. அதற்கு இரண்டு வழி இருக்கிறது. தரையில் தூண் நட்டு அதன்மேல் ஓட விடலாம், இல்லையென்றால் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களிலிருந்தே தொங்க விடலாம். தொங்க விட்டால் தரை முழுக்கக் காலி. மெஷின் போடலாம், வண்டி ஓட்டலாம், எங்கும் தூண் இடிக்காது. ஆகவே வருகிறவர்கள் எல்லோருக்கும் தொங்குகிற கிரேன்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாரம் முழுவதும் கூரையின் தலையில். வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் கட்டிய கூரையிடம் போய், “இதையும் கொஞ்சம் பிடிச்சுக்கோ” என்று சொல்கிற காரியம் அது. பிடித்துக்கொள்ளுமா என்று பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை.

அந்த வேலையில் பாதி நேரம் பேச்சிலேயே போய்விடும். முதலாளிமார் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்.

“அஞ்சு டன் போட்டுருங்கம்மா.”

“நீங்க என்ன தூக்குறீங்க?”

“எல்லாந்தான் வரும்.”

“வர்றது இருக்கட்டும். இப்ப என்ன தூக்குறீங்க?”

முதலாளி தலையைச் சொறிவார். மேஸ்திரியைப் பார்ப்பார். மேஸ்திரி தரையைப் பார்ப்பார். கடைசியில், “ஒண்ணரை டன் இருக்கும்.”

“அப்புறம் அஞ்சு எதுக்கு?”

“எதிர் ஷெட்டுல அஞ்சு போட்டிருக்கானே.”

கிரேன் பெரிதானால் அதன் சொந்த எடையும் பெரிதாகும், கூரை சரக்கைத் தூக்குமுன் கிரேனைத் தூக்க வேண்டும் என்று அக்கா நிதானமாகச் சொல்வார். அடுத்த இடத்திலும் அதையே சொல்வார். அதற்கடுத்த இடத்திலும். ஐந்து கேட்டவர்களை இரண்டில் நிறுத்துவார். சில கூரைகளைப் பார்த்து, தூண் நட்டால்தான் ஆச்சு என்பார். எங்கள் மேனேஜர், “நீங்க படுத்து எந்திரிச்ச இடத்துல புல்லுகூட முளைக்காதும்மா” என்று சலித்துக்கொள்வார். ஆனால் அக்கா சரி என்று சொல்லாத எதையும் அந்த மேனேஜர் மாட்டியதும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்ததும் தூங்கிப்போவார். ஒருநாள் தூக்கம் வராமல், “நாள் முழுக்கத் தாங்காது, முடியாது, வேண்டாம். இதே மூணு வார்த்தை. வீட்டுக்குப் போனா சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட வாய் தானா இல்லங்குது, பட்டதாரி” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். முகத்தில் சிரிப்பு இல்லை.

அவருடைய வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் ஷெட்டில் வேலை பார்த்தார். நாற்காலி, வாளி, குடம் வார்க்கும் இடம். ஷெட், அவருடைய சொந்தத் தம்பிக்குச் சொந்தம். தம்பி முதலாளி, அண்ணன் தொழிலாளி. வீடு ஒன்றுதான். மாடியில் தம்பி குடும்பம், கீழே அக்காவும் வீட்டுக்காரரும் மாமியாரும். அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தைக்குக் குறைவில்லை. வார்ப்பு மெஷின்களில் அச்சு மாற்றுவது வீட்டுக்காரருடைய பொறுப்பு. ஓர் அச்சு என்பது இரும்புப் பாளம், ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். வாளி அச்சை இறக்கி நாற்காலி அச்சை ஏற்றுவதற்குள் அச்சைத் தொங்கவிடும் இரும்பு முக்காலியும் சங்கிலியுமாக அரைநாள் போய்விடும். மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

தம்பி புது ஷெட் கட்டினார். கூரையில் கிரேன் தொங்கவிட்டால் அண்ணன் இடுப்பு தப்பும் என்று அவரே சொன்னார். அது உண்மையான அக்கறைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கட்டி முடித்து, மெஷின்களையும் இறக்கி வரிசையாக நிறுத்திய பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அளவெடுக்க நானும் போனேன்.

அக்கா அட்டையை விரிக்கப் போனார்.

“அண்ணி, அதெல்லாம் வேண்டாம், எந்திரிங்க. பக்கத்து ஷெட்ட அப்படியே உரிச்சு வச்சிருக்கேன். வெல்டரக் கூட்டிட்டுப் போய் கீழ நிக்க வச்சு ஒவ்வொரு சட்டமா காட்டினேன். பெயின்ட்கூட அதே நீலம். அங்க தொங்குது, இங்கயும் தொங்கும். நாள மட்டும் சொல்லுங்க.”

அக்கா படுத்தார். வெகுநேரம் பார்த்தார். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “தம்பி, பக்கத்து ஷெட்டுக்குக் கிரேன் பாத்துக் கொடுத்தது நான்தான்” என்றார்.

“அதான் தெரியுமே!”

“அங்க கிரேன் தொங்குற ஒவ்வொரு எடத்துலயும் மேல இன்னொரு சட்டம் இருக்கு. முதுகோட முதுகா ஒட்டி வச்சிருக்கோம். கீழ நின்னு பாத்தா ஒண்ணுதான் தெரியும். உங்க வெல்டர் ஏறிப் பாக்கல.”

தம்பியின் முகம் சுருங்கியது. “அப்ப ஊரானுக்கு ரெட்டையாப் போட்டுக் கொடுத்துட்டு, எனக்கு ஒத்தையில விட்டுட்டீங்க.”

“கட்டும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வீட்டுலயே ஆள் இருக்கு, எப்ப வேணா கேட்டுக்கலாம்னு இருந்தேன் அண்ணி.”

வெளியாளாக இருந்தால் முதல் நாளே வந்து கேட்டிருப்பார். ஒரே வாசலில் செருப்பு விடுகிறவரிடம் கேட்க என்ன அவசரம்?

கூரைத் தகட்டைப் பிரித்து மேலே சட்டம் சேர்க்கலாம் என்றார் அக்கா. அதற்கு மெஷின்களை நிறுத்த வேண்டும். முடியாது என்றார் தம்பி. அப்படியானால் மெஷின் வரிசைக்கு மேலே மட்டும் ஒற்றைத் தண்டவாளம் போடலாம், அதைச் சொந்தக் கால்களில் நிறுத்தலாம், கூரையைத் தொடவே வேண்டாம், ஒரு மெஷினை மட்டும் நகர்த்தினால் போதும் என்றார். அச்சு போகிற பாதை எப்படியும் அந்த ஒரே கோடுதான்.

“ஒத்தத் தண்டவாளமா? பக்கத்துல ஷெட் முழுக்கக் கிரேன் ஓடுது. நான் கொடிக்கம்பி கட்டின மாதிரி ஒண்ணக் கட்டிட்டு உக்காரணுமா? ஊரான் கூரைக்கெல்லாம் சரின்னு சொல்வீங்க, வீட்டுக் கூரைன்னா மட்டும் நொட்டம்.”

வீட்டுக்காரர் ஒரு மெஷினைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மெஷின் அது.

வேறொரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எத்தனை டன், எவ்வளவு நீளம் என்று கேட்டார்கள். மாட்டிவிட்டுப் போனார்கள். அந்த நாட்களில் வீட்டில் மாமியார் அடிக்கடி சொன்னாராம்: “சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் வாயில என்ன தேஞ்சா போயிடும்?” அக்கா அதையும் பஸ்ஸில் சொன்னார். சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

சில மாதம் ஒன்றும் ஆகவில்லை. கிரேன் நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்காரரின் இடுப்பு நிமிர்ந்தது. அரைநாள் வேலை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. தம்பி அக்காவைப் பார்த்தாலே விசிலடித்துக்கொண்டு படியேறுவார்.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாராம். அந்தக் கிரேனில் மேலே கீழே தூக்குவதற்குத்தான் மோட்டார். முன்னும் பின்னும் கையால் தள்ள வேண்டும். ஒரு விரலால் தள்ளினாலே போகும். “சுவர் ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கப் போறோம். திரும்பி வந்தா நடு ஷெட்டுல நிக்குது. கால் முளைச்சிருச்சு அதுக்கு. பசங்க மேயப்போற மாடுன்னு பேர் வச்சுட்டானுங்க. இப்ப தூண்ல கயிறு கட்டித்தான் நிறுத்தறோம்.”

அக்காவுக்குக் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லையாம். மறுநாள் காலை என்னிடம் வந்து, “பட்டதாரி, லேசர் அளவு கருவிய எடுத்துக்கோ” என்றார்.

பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சக்கரம் உருளும். சுவரோரக் கூரைச் சட்டங்கள் கெட்டியாக நிற்க, நடுவில் இருப்பவை மெல்லக் குழிகின்றன என்றால், கிரேன் நடுவுக்குத்தான் நடக்கும். கூரை தன்னால் முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர்கள் அதைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள்.

நாங்கள் போனபோது தம்பி சரக்கு அனுப்ப வெளியே போயிருந்தார். அக்கா கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். வீட்டுக்காரர் அவிழ்த்தார். கிரேன் சற்று நேரம் சும்மா நின்றது. பிறகு யாரும் தொடாமலே நகர ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகமாக, நடு ஷெட்டுக்கு வந்து முன்னும் பின்னும் ஆடி நின்றது. ஒருவன் “ம்மா...” என்று மாடு போலக் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அச்சைத் தூக்கச் சொல்லி ஒருமுறையும் தூக்காமல் ஒருமுறையும் தரையிலிருந்து நடுச் சட்டத்துக்கு அளந்தேன். தூக்கியபோது இறங்கியது. அச்சை இறக்கிய பிறகும் பழைய இடத்துக்கு அது முழுதாகத் திரும்பவில்லை. அளவைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கவிழ்ந்து கிடந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்தார். “என்னங்க, இனிமே நீங்க இதுக்குக் கீழ நிக்கக் கூடாது.”

வீட்டுக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “நான் நிக்கலேன்னா வேற எவனாவது நிப்பான். அவனுக்கும் வீட்டுல ஆள் இருக்கும்ல.”

அதிகம் பேசாத மனிதர். தம்பியிடம் போனில் சொன்னார் அக்கா. ஆர்டர் முடியட்டும், பார்க்கலாம் என்றார் அவர். ஆர்டர் எப்போது முடியும் என்றதற்கு, ஆர்டர் முடிந்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான் அண்ணி என்று சிரித்தாராம்.

அடுத்த நாள் சாயங்காலம், பக்கத்து ஷெட்டின் பழைய வரைபடத்தை அலுவலகத்தில் தேடி எடுத்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். தம்பியிடம் காட்டலாம் என்று அக்கா கேட்டிருந்தார். நான் அங்கே இருக்கும்போதே வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்தார். சாப்பாட்டுப் பையைத் திறந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். கிரேனிலிருந்து தொங்குமே, மேலே கீழே என்று இரண்டு பட்டன் உள்ள மஞ்சள் பெட்டி, அது. ஒயரைக் கழற்றி நுனிக்கு டேப் சுற்றி அழகாகக் கொண்டுவந்திருந்தார்.

“என்னங்க இது!”

“பட்டன் இல்லாம எவனும் தூக்க முடியாதுல்ல.”

அதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. தம்பி வந்து நின்றார்.

“அண்ணே, விளையாடுறியா? இன்னைக்கு ராத்திரி அச்சு மாத்தணும்.”

“மாத்தாத.”

“புதுசு ஒண்ணு நாளைக்கு மத்தியானம் வந்துடும், தெரியும்ல?”

“வரட்டும். அதையும் கழட்டிட்டு வருவேன்.”

“அண்ணி சொல்லிக் கொடுத்தாங்களா?”

“நான் என்ன பாலர் வகுப்பாடா படிக்கிறேன், சொல்லிக் கொடுக்க?”

உள்ளேயிருந்து மாமியார், “வேற ஆளுங்க இருக்கும்போது என்னடா சத்தம்” என்றார். வேற ஆளு நான்தான். போய்விடலாமா என்று எழுந்தேன். அக்கா உட்கார் என்று கையைக் காட்டினார். வரைபடத்தை விரித்தார். தம்பி அதைப் பார்க்கவே இல்லை. “காகிதத்துல கோடு போட எனக்கும்தான் தெரியும்” என்றார்.

“அப்ப வாங்க தம்பி, காலையில பக்கத்து ஷெட்டுல ஏறிப் பாத்துருவோம்.”

காலையில் போனோம். பக்கத்து ஷெட்காரர் நல்ல மனிதர், ஏணி போட்டுக் கொடுத்தார். தம்பி நாலு படி ஏறிவிட்டு, கீழே பார்த்துவிட்டு, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். உயரம் ஆகாதாம். அக்காவின் கழுத்துக்கும் அது ஆகாது. நான் ஏறினேன். தூசிக்கு நடுவே, நீலச் சட்டத்தின் முதுகில் அதே நீலத்தில் இன்னொரு சட்டம் படுத்திருந்தது. போனில் படம் பிடித்தேன். அடுத்து தம்பியின் ஷெட்டிலும் ஏறி அதே இடத்தைப் பிடித்தேன். அங்கே தூசி மட்டும் இருந்தது.

தம்பி இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்.”

“சொன்னீங்க. காட்டல.”

அக்கா போனை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார். பஸ்ஸில் தனக்குத்தானே சொல்வது போல, “அவர் சொன்னதும் சரிதான். ஊரானா இருந்தா ஏத்திக் காட்டியிருப்பேன். வீட்டு ஆளுதானே, சொன்னா நம்புவாருன்னு இருந்துட்டேன்” என்றார்.

அந்த வாரமே கிரேனை இறக்கினார்கள். ஒரு மெஷினை நகர்த்தி, ஒற்றைத் தண்டவாளத்தைச் சொந்தக் கால்களில் நிறுத்தினார்கள். எங்கள் கம்பெனி இல்லை, வேறு யாரோ. அச்சு அதில் சரியாகத்தான் ஓடுகிறது. கூரை விழவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஷெட் சில நாள் நின்றதில் ஒரு பெரிய ஆர்டர் கை நழுவிப்போனது. அண்ணி பக்கத்துப் போட்டியாளரின் ஷெட்டில் போய்ப் படம் எடுத்துவந்து சொந்தக் கொழுந்தனின் தொழிலை நிறுத்தினாள் என்பது சொந்தபந்தத்தில் பரவிய கதை.

“விழுந்திருந்தா நான் சொன்னது சரி. விழாததால நான் குடும்பத்தக் கெடுத்தவ” என்றார் அக்கா ஒருநாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு கூரையின் அளவைச் சொல்வது போலச் சொன்னார்.

அண்ணனும் தம்பியும் ஒரு மாதத்துக்குள் பேசிக்கொண்டார்கள். ஒன்றாக டீக்கடைக்குப் போகிறார்கள். மஞ்சள் பெட்டிக் கதையைத் தம்பியே சிரித்துச் சிரித்துச் சொல்கிறார், அதில் அண்ணன் பெரிய வீரன். அக்காவிடம் மட்டும் அவர் பேசுவதில்லை. கீழ் வீட்டைக் கடக்காமல் போய்வர வெளிப்பக்கமாக இரும்புப் படி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர் இன்னும் அதே ஷெட்டில்தான் அச்சு மாற்றுகிறார். அக்கா எங்கள் கம்பெனியில்தான் இருக்கிறார், கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டு. இந்த வாரம் ஒரு மரக்கிடங்கில் கூரை பார்க்கிறார். கிடங்குக்காரர் ஐந்து டன் கேட்டிருக்கிறார்.